வாட்ஸ்அப்புக்கு முன்னால் ஒரு சைக்கிள்

கல்லூரிப் பசங்க வகுப்புக்கு வெளியே எப்படிக் கத்துக்கிறாங்க என்று பேச்சு வந்தால், உடனே வாட்ஸ்அப், யூடியூப் என்று ஆரம்பித்துவிடுகிறோம். நான் மென்பொருள் ஆசாமி, எனக்கும் முதலில் அதுதான் தோன்றும். ஆனால் எங்கள் கந்தர்வக்கோட்டை இருக்கிற புதுக்கோட்டை மாவட்டத்தில் இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு: 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம்.

1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் ஆனது. அந்த வழியைத்தான் இங்கேயும் பிடித்தார்கள். சம்பளம் கிடையாது. படித்த இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள் தொண்டர்களாக வந்து, ராத்திரியில் தெருவிலோ திண்ணையிலோ பாடம் நடத்தினார்கள். ஆள் சேர்க்கப் பாட்டு, தெரு நாடகம். பகலெல்லாம் கல்குவாரியில் உடைத்துவிட்டு வருகிற அக்காவுக்கு 'அ' சொல்லித்தரும் பையன், கூலிக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பதை அந்த அக்காவிடம் கத்துக்கிட்டிருப்பான். அது எந்த செமஸ்டரிலும் வராத பாடம்.

இதில் சைக்கிள் எப்படி வந்தது? அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பழகுவதையும் இயக்கத்தின் பகுதியாக ஆக்கினார். பெண் தொண்டர் பஸ்ஸுக்கும் அண்ணன் தம்பிக்கும் காத்திருந்தால் எந்த ஊருக்குப் போய் வகுப்பு எடுப்பது? முத்து பாஸ்கரன் சைக்கிளுக்கென்றே ஒரு பாட்டு எழுத, அது ஊர் ஊராகப் பரவியது. 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டைக்குள் வந்தார்கள். லட்சம் பெண்களாவது ஓட்டப் பழகியிருப்பார்கள் என்பது பி. சாய்நாத் எழுதியதில் வரும் கணக்கு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலருக்கு அதுதான் வசதியாம், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே!

1992-இலேயே முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ சுமார் 77 சதவீதம்தான். இயக்கம் எடுத்துக்கொண்டது 9 முதல் 45 வயதுக்காரர்களை. கணக்கெடுப்பு 7 வயதுக்கு மேல் எல்லாரையும் எண்ணுகிறது. ஆனாலும் வயது வரம்பு மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. புதிதாகப் படித்தவர் கையில் தொடர்ந்து படிக்க ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து மறந்துபோகும். சைக்கிள் மறக்காது.

அன்றைக்குப் பாடம் நடத்தியவர்களுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். அந்தப் பாடப் புத்தகமோ வருகைப் பதிவு நோட்டோ உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நானே வந்து ஸ்கேன் செய்துகொள்கிறேன்.