சொகுசு ஜீப்பில் காட்டுப் பாதை: வாகனம் போகும், ஆனால் எதுவரை?

எங்கள் பகுதியில் ‘பஜிரோ’ என்றால் அரசியல்வாதியும் அவரது மெய்ப்பாதுகாவலர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். வெள்ளை லாண்ட் குரூஸர் என்றால் ஐ.நா. 2008 செப்டெம்பரில் அந்த வாகனங்கள் வரிசையாகக் கிளிநொச்சியை விட்டுப் போனதை வன்னிச் சனம் இன்னும் மறக்கவில்லை. இப்போது அதே இன வாகனங்களை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விடுமுறையில் வரும் உறவுகள் சுண்டிக்குளம், மணற்காடு என்று குடும்பத்தோடு இறங்குகின்றனர். தோல் இருக்கையும் குளிரூட்டியும் உள்ள இந்தப் பெரிய வாகனங்கள் உண்மையிலேயே மணலுக்கும் சேற்றுக்கும் தாக்குப் பிடிக்குமா?

பிடிக்கும். தொண்டு நிறுவனங்கள் அதிகம் பாவித்த லாண்ட் குரூஸர் 70 வரிசை 1984இல் வந்தது. முரட்டு வாகனம், பின் இருக்கையில் இருந்து போனவர்களின் முதுகுக்குத் தெரியும். 1990இல் வந்த 80 வரிசை நான்கு சில்லுக்கும் சுருள் ஸ்பிரிங்கோடு வந்தது. முன்னும் பின்னும் முழு அச்சு, கீழே ஏணி போன்ற இரும்புச் சட்டம். நீளமாக ஏறி இறங்கும் மென்மையான ஸ்பிரிங் பயணிக்குச் சுகம் தருகிறது. அதே ஸ்பிரிங்தான் பள்ளத்திலும் சில்லை நிலத்தை விட்டு எழும்பாமல் வைத்திருக்கிறது. ஆகவே சொகுசு இங்கே குறையல்ல.

1998இல் வந்த 100 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு முன் அச்சு போய், ஒவ்வொரு சில்லும் தனித்தனியே அசையும் அமைப்பு வந்தது. வீதியில் அருமை, ஆழமான குழியில் பழையதைவிடச் சீக்கிரமாக ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கும். 1999இன் பஜிரோ இன்னும் ஒரு படி தள்ளிப்போய், சட்டத்தையே உடலோடு இணைத்துவிட்டது. பஜிரோ டக்கார் ஓட்டத்தில் 12 தடவை வென்றதே என்று சிலர் வாதாடுவார்கள். பிந்திய வெற்றிகளைப் பெற்றவை ஓட்டத்துக்கென்றே கட்டிய வாகனங்கள். வாடகைக்கு வருவது அதுவல்ல.

உண்மையான சிக்கல் எடை. 200 வரிசை லாண்ட் குரூஸர் வெறுமையாகவே இரண்டரை தொன்னுக்கு மேல். ஏழு பேரும் பயணப் பொதிகளும் ஏறினால் மூன்று தொன்னைத் தாண்டிவிடும். மாரியில் ஊறிய வயல் களிமண்ணில் பாரமற்ற பழைய ஜீப் தவழ்ந்து போகும் இடத்தில், இது அடித்தட்டு முட்டும்வரை புதையும். வீதிக்கென்று செய்த ரயராக இருந்தால் அதன் பள்ளங்களை இரண்டு சுற்றிலேயே சேறு நிரப்பிவிடும். பிறகு அது வழுக்குக் கட்டைதான்.

செலவில்லாத மருந்து, காற்றைக் குறைப்பது. வீதியில் 32 முதல் 36 பி.எஸ்.ஐ. இருக்கும் ரயரை மணலில் 18 அளவுக்கு இறக்கினால் அது பரந்து நிலத்தைப் பிடிக்கும். அப்போது வேகமும் வேண்டாம், திடீர்த் திருப்பமும் வேண்டாம். தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்ப வேண்டும். ஆகவே சிறிய காற்றுப் பம்பி கையில் இருக்கட்டும். 20 அங்குல அழகு றிம் போட்ட வாகனத்தில் இந்த வித்தை அவ்வளவாக எடுபடாது. இறக்கிக் கொடுக்க ரயரில் பக்கச் சுவரே இல்லை.

சேற்றில் இறங்குமுன்பே ‘லோ’ கியரைப் போடுங்கள், நடு டிப்ரன்ஷியலை லொக் பண்ணுங்கள். புதைந்தபின் பொத்தானைத் தேடுவதில் பயனில்லை. காய்ந்த தார் வீதிக்கு வந்ததும் லொக்கை எடுக்க மறந்தால் கியர்ப் பகுதி பழுதாகும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. லாண்ட் குரூஸர் 700 மில்லிமீற்றர் ஆழம் தாங்கும் என்பது நின்ற தண்ணீருக்குச் சொன்ன கணக்கு. வான் பாயும் குளத்தின் கீழ், வீதிக்குக் குறுக்கே ஓடும் வெள்ளத்துக்கு அது பொருந்தாது. அங்கே கனத்த வாகனத்தையும் தண்ணீர் தூக்கும். காற்றுக் குழாயால் தண்ணீர் உள்ளே போனால் டீசல் எஞ்சின் அந்த இடத்திலேயே முடிந்தது.

புதைந்துவிட்டால்? வெளிநாட்டுக் காணொளிகளில் இறங்கி ஓடி, பக்கத்து மரத்தில் வின்ச் கம்பியைக் கட்டுவார்கள். வடக்கில் எல்லா இடத்திலும் அதைச் செய்ய முடியாது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல்தான் இணைந்தது. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகியவை ஆண்டுக்கணக்காகக் கிண்டி எடுத்துக்கொண்டிருக்கின்றன. முகமாலை நாட்டின் மிகப் பெரிய வெடி வயல்களில் ஒன்று. வெள்ளம் சில வெடிகளை இடம் மாற்றியும் விடும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று எடுக்க வேண்டாம். ஊர்ச்சனம் நாளாந்தம் போய்வரும் தடத்தை விட்டு, எதிரே வரும் வாகனத்துக்கு இடம் கொடுக்கக்கூட விலகாதீர்கள். சந்தேகம் வந்தால், வந்த சில்லுத் தடத்திலேயே நடந்து திரும்புங்கள்.

சனம் புழங்கும் இடமென்றால் மண்வெட்டியால் சில்லுக்கு முன்னும் பின்னும் வெட்டி, காற்றை இன்னும் இறக்கி, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் உழவு இயந்திரத்தைக் கூப்பிடுவதில் வெட்கமில்லை. வருகிறவர் கயிற்றைப் பின்னால் உள்ள இழுவைக் குண்டில் மாட்டப் பார்ப்பார், விடாதீர்கள். அது முறிந்து பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. சட்டத்தோடு பொருத்திய இழுவைக் கொழுக்கி எங்கே இருக்கிறது என்பதை, வாகனத்தை வாடகைக்கு எடுக்கும்போதே குனிந்து பார்த்து வையுங்கள். இழுக்கும்போது பிள்ளைகள் கயிற்றின் நீளத்துக்கு அப்பால் நிற்கட்டும்.