வங்கிக் கணக்கும் வீட்டுக் கடன் தகுதியும் (மலேசியா)

வீட்டுக் கடனுக்கு மனுச் செய்யுமுன் ஒருவர் திறக்கும் வங்கிக் கணக்கு அவரது கடன் தகுதியைப் பாதிக்குமா என்பது, அக்கணக்கின் வழியே அவர் வங்கிக்குக் கடன்படுகிறாரா என்பதைப் பொறுத்தது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர், நிறுவனம் மாறும்போது சம்பளத்துக்காக வேறொரு வங்கியில் சேமிப்புக் கணக்கு திறந்தால், அதனால் அவரது கடன் பதிவில் எந்த மாற்றமும் நேர்வதில்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2001 முதல் நடத்திவருவதும் பேச்சு வழக்கில் 'சிக்ரிஸ்' எனப்படுவதுமான கடன் தகவல் முறைமை, நிலுவைக் கடன்கள், கடந்த 12 மாதங்களில் தவணை கட்டிய விதம், பரிசீலனையிலுள்ள கடன் மனுக்கள் ஆகியவற்றையே காட்டும். சேமிப்பு இருப்பு அதில் இடம்பெறாது.

நடப்புக் கணக்கின் நிலை வேறு. இருப்புக்கு மேல் பணம் எடுக்க அனுமதிக்கும் மிகைப்பற்று வசதி அதனுடன் சேர்ந்திருந்தால் அதுவும் கடனாகவே பதிவாகும். பணமின்றித் திரும்பும் காசோலைகளுக்கோ தனிப் பதிவேடு உண்டு.

கூடுதல் கவனம் தேவைப்படுவது கடன்பற்று அட்டை விஷயத்தில்தான். கணக்கு திறக்கும் முகப்பிலேயே நீட்டப்படும் அட்டைப் படிவத்தில் கையெழுத்திடுவது ஒரு கடன் மனுவாகும் என்பதைப் பலர் உணர்வதில்லை. 2010-ஆம் ஆண்டின் கடன் அறிக்கை முகமைச் சட்டத்தின் கீழ் இயங்கும் சிடோஸ் நிறுவனம் 300 முதல் 850 வரை வழங்கும் புள்ளியில் புதிதாகத் தேடிய கடனும் ஒரு கூறாகையால், வீட்டுக் கடனுக்கு முந்தைய மாதங்களில் இத்தகைய மனுக்களைத் தவிர்ப்பது நல்லது. பிரிட்டனில் நடப்புக் கணக்கு திறக்கும்போதே விண்ணப்பதாரரின் கடன் பதிவை வங்கி சோதிப்பது வழக்கம் என்பதால், வீடு வாங்குமுன் புதிய கணக்கு வேண்டாம் என்று அங்கே சொல்லப்படும் அறிவுரை, மலேசியச் சேமிப்புக் கணக்குக்குப் பொருந்தாது.

கணக்கு திறக்கத் தயங்குவதே தீங்காகும் நிலையும் உண்டு. சந்தையில் ரொக்கமாக வணிகம் செய்யும் சிறு வியாபாரியிடம் சம்பளச் சீட்டு இருக்காது. அவரது வருமானத்துக்குச் சான்றாக வங்கிகள் பொதுவாகக் கேட்பது ஆறு மாத வங்கி அறிக்கையே ஆகையால், அன்றாட வசூலைத் தவறாமல் செலுத்திவரும் கணக்கொன்றை அவர் மனுவுக்குக் குறைந்தது அத்தனை மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.