17-0: நூறு டாலருக்கு வந்த மனிதர்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பிப்ரவரி வந்தால் சூப்பர் பௌல் பேச்சும் வந்துவிடும். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முட்டித் தள்ளும் அந்த ஆட்டம் நம்மில் பலருக்குப் புரிவதில்லை. எனக்கும் பாதிதான் புரியும். ஆனால் 1972-ல் மயாமி டால்ஃபின்ஸ் அணி ஆடிய சீசனின் கதைக்கு விதிகள் தெரிய வேண்டாம். ஏதாவது ஒரு ஆபீஸில் நாலு வருஷம் குப்பை கொட்டியிருந்தால் போதும்.

முதலில் கணக்கு. லீக் ஆட்டங்கள் 14, நாக்-அவுட் 2, கடைசியில் சூப்பர் பௌல். பதினேழிலும் ஜெயம். ஒரு தோல்வி, ஒரு டிரா கூட இல்லாமல் சூப்பர் பௌலையும் ஜெயித்த என்.எஃப்.எல். அணி இன்றுவரை அது ஒன்றுதான். 2007 சீசனில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் வரிசையாக 18 ஆட்டம் ஜெயித்துவிட்டு, கடைசி ஆட்டத்தை நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 17-14 என்று கோட்டை விட்டார்கள்.

சரி, கதைக்கு வருவோம். மயாமியின் கோச் டான் ஷூலா. முந்தைய சீசனின் சூப்பர் பௌலில் டல்லஸிடம் 24-3 என்று உதை வாங்கியவர். 1972-ல் அவர் ஒரு காரியம் செய்தார். பால்டிமோர் கோல்ட்ஸ் அணி வேண்டாம் என்று விட்ட ஏர்ல் மோராலை வெறும் 100 டாலருக்கு எடுத்துக்கொண்டார். மோராலுக்கு வயது 38. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை யாரிடம் கொடுப்பது, யாருக்கு வீசுவது என்று களத்தில் முடிவெடுப்பவர்.

இருவருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1968-ல் ஷூலா பால்டிமோர் கோச். நட்சத்திர வீரர் ஜானி யுனைட்டஸுக்குக் காயம். பதிலாக வந்த மோரால் லீகின் சிறந்த வீரர் பட்டமே வாங்கினார். ஆனால் 1969 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌலில் மூன்று பந்துகளை எதிரணி கையில் வீசினார். பாதியில் அவரை வெளியே எடுத்தார்கள். நியூயார்க் ஜெட்ஸ் 16-7 என்று ஜெயித்தது. அது நடந்த மைதானம் மயாமியின் ஆரஞ்சு பௌல்!

1972 அக்டோபரில், ஐந்தாவது ஆட்டத்தில், மயாமியின் குவார்ட்டர்பேக் பாப் கிரீஸிக்குக் கால் முறிந்தது. பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார் மோரால். அந்த ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். மீதி ஒன்பது லீக் ஆட்டங்களையும் தொடங்கியவர் அவர்தான். எல்லாமே வெற்றி. முதல் நாக்-அவுட்டில் கிளீவ்லண்டையும் 20-14 என்று தாண்டியாயிற்று.

அடுத்தது பிட்ஸ்பர்க். இடைவேளையில் 7-7. அதன்பின் பிட்ஸ்பர்க் 10-7 என்று முன்னே போனது. கிரீஸியின் கால் ஆறியிருந்தது. ஷூலா மோராலை உட்காரவைத்து கிரீஸியை இறக்கினார். கிரீஸி வீசிய பந்து ஒன்று 52 கெஜம் முன்னேற்றம் தந்தது. மயாமி 21-17 என்று ஜெயித்தது. 1973 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் வாஷிங்டனை 14-7 என்று வென்றபோதும் கிரீஸிதான் ஆடினார்.

வங்கியில் மேனேஜர் லீவில் போனால் செகண்ட் ஆபீசர்தான் இன்சார்ஜ். கிளை நன்றாக நடந்தால் அது மேனேஜர் போட்ட அஸ்திவாரம். கேஷில் நூறு ரூபாய் குறைந்தால் இன்சார்ஜ் தலை உருளும். மேனேஜர் திரும்பி வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் பழைய நாற்காலிக்குப் போகவேண்டும். நானும் கொடுத்திருக்கிறேன். உள்ளுக்குள் லேசாக வலிக்கத்தான் செய்யும்.

ஷூலா செய்தது தப்பா? இல்லை. ஸ்கோரே சாட்சி. ஆனால் மோரால் கட்டிக்காத்த அந்த ஆட்டங்களில் ஒன்று போயிருந்தாலும் 17-0 என்று எழுத முடியாது. கோச் முடிவும் சரி, மோராலின் வலியும் நிஜம். மோரால் கலகம் செய்யவில்லை. அதே அணியில் 1976 வரை இருந்து, 42 வயதில் ஓய்வு பெற்றார்.

அந்த அணியிலிருந்து கிரீஸி உட்படப் பலர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மோரால் இல்லை. 2014-ல் காலமானார். தலையில் பட்ட அடிகள் மூளையைக் கடுமையாகப் பாதித்திருந்தது பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தது.

உங்கள் ஆபீஸிலும் ஒரு மோரால் இருப்பார். நாளைக்கு அவரோடு ஒரு காபி குடியுங்கள்.