தூண்டில் நூலின் கதை

கொச்சித் துறைமுகத்தில் தோப்பும்படிக் கரையில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்கும் அன்பர்களின் காதில் தமிழ்ச் சொற்கள் விழாமல் இரா. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை முதலிய ஊர்களிலிருந்து வந்து, அங்கிருந்து ஆழ்கடலுக்குப் படகு செலுத்தும் நம்மவர் பலர் அக்கரையிலே உளர். 1956 நவம்பர் முதல் நாள் வரை அவ்வூர்கள் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தைச் சார்ந்திருந்தன. ஆதலின் அவர்களுக்குக் கொச்சி அயலூர் அன்று. வலையைக் காட்டிலும் தூண்டிலையே நம்பிச் சுறாவும் சூரையும் தேடிப் பல நூறு கல் செல்லும் மரபினர் அவர்கள். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அவ்வூர்கள் பறிகொடுத்த உயிர்களை நாடு இன்னும் மறக்கவில்லை. அத்துணை இடருக்கிடையே கடலுக்குச் செல்கின்ற ஒருவனுக்கும் அவன் நாடிச் செல்லும் மீனுக்கும் இடையே இருப்பது ஒரு நூல். அந்நூலின் வரலாற்றையே இன்று நாம் சிறிது சிந்திக்கப் புகுகின்றோம்.

தூண்டில் என்றதும் முள்ளையும் இரையையும் பற்றிப் பேசுவார் பலர். நூலைப் பற்றிப் பேசுவார் சிலரே. சங்க நூல்களில் நெய்தல் நிலத்துப் பரதவர் கையில் தூண்டிலையும் வலையையும் காண்கின்றோம். ஆயினும், அன்று தொட்டுச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நூலின் தன்மை பெரிதும் மாறவில்லை என்றே கூறலாம். செடியிலிருந்தோ புழுவிலிருந்தோ விலங்கின் மயிரிலிருந்தோ கிடைத்த இழையை மனிதன் முறுக்கினான் அல்லது பின்னினான். முறுக்குதல், பின்னுதல் என்னும் இவ்விரண்டின் வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்வது நலம்.

இரண்டு மூன்று புரிகளை ஒரே திசையில் திரித்தால் கிடைப்பது முறுக்குக் கயிறு. எளிதில் செய்யலாம், தொடையின்மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டியே திரித்துவிடலாம். ஆனால் பாரம் ஏறியதும் அக்கயிறு தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ள முயலும். நுனியில் கட்டிய ஈயக்குண்டு சுழலும். பாரம் நீங்கியதும் கயிறு சுருண்டு சிக்காகும். பின்னல் நூலோ பெண்டிர் கூந்தலைச் சடை பின்னுவது போன்றது. புரிகளில் பாதி வலமாகவும் பாதி இடமாகவும் ஒன்றையொன்று கடந்து செல்வதால், ஒன்றின் முறுக்கத்தை மற்றொன்று ஈடு செய்துவிடும். பாரத்தைத் தாங்கினும் பின்னல் சுழலாது. இச்சிறு உண்மையே பின்னல் நூலின் முதற்சிறப்பு.

நம் நாட்டுக் கடற்கரைகளில் பழைய நூல்கள் பெரும்பாலும் பருத்தியாலும் சணப்பு நாராலும் ஆனவை. இவ்விரண்டிற்கும் ஒரு பொதுப் பகை உண்டு, அதுவே மக்குதல். செடியின் நார் கடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவு. இன்று வலுவாக இருக்கும் நூல், ஈரத்தோடு சில வாரம் கிடந்தால் உள்ளுக்குள்ளே உளுத்துவிடும். வெளித்தோற்றத்தில் மாற்றம் தெரியாது. பெருமீன் பற்றி இழுக்கும் வேளையிலேதான் உண்மை வெளிப்படும். கடன் வாங்கி நூலும் முள்ளும் வாங்கிய ஏழைக்கு அந்த ஒரு நொடி ஒரு பருவத்தின் வருவாயையே கொண்டுபோய்விடும்.

ஆகவே நூலைக் காத்தல் ஒரு தனித் தொழிலாகவே விளங்கிற்று. துவர்ப்புச் சத்து மிக்க பட்டைகளையும் காய்களையும் கொதிக்கவைத்து, அச்சாற்றில் நூலை ஊறவைத்து உலர்த்துவர். வங்கத்தில் வாழும் அன்பர்கள் ‘காப்’ என்னும் மரத்தின் காயை அறிந்திருப்பர். அங்கே வலைக்கும் படகிற்கும் அக்காயின் சாற்றையே பூசினர். நம் பக்கத்தில் அம்மரத்தைத் தும்பிலி என்றும் பனிச்சை என்றும் வழங்குவர். புளியங்கொட்டைத் தோலும், உப்பங்கழி மரங்களின் பட்டையும் இவ்வாறே பயன்பட்டன. மரம் வேறு, மொழி வேறு. ஆயினும் துவரேற்றும் அறிவு இந்நாட்டுக் கரை முழுவதும் ஒன்றாகவே இருந்தது. பகல் முழுதும் கடலில் உழைத்துத் திரும்பியவன், ஓய்வு கொள்ளும் முன்னர் நூலை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அவ்வேலையில் பெண்டிரும் பிள்ளைகளும் பங்கு கொண்டனர்.

ஆற்றுத் தூண்டிலின் கதை சற்று வேறுபட்டது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்து தென்கன்னட மாவட்டத்தில் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், இந்திய ஆறுகளில் தூண்டிலிடும் முறை பற்றி 1873இல் ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்து ஆங்கிலேயர் தம் கோலுக்குப் பட்டு நூலையே விரும்பினர். பட்டிழைகளைப் பின்னி ஆளிவிதை எண்ணெய் ஊட்டி வழவழப்பாக்கிய நூல் அது. மெல்லியதும் வலியதுமே; எனினும் விலை மிக்கது, நம் நாட்டு வெப்பத்தில் பிசுபிசுப்பது, உலர்த்தாவிடில் அழுகுவது. பட்டாயினும் பருத்தியாயினும் மக்கும் குணம் விட்டபாடில்லை.

மைசூர்ப் பக்கத்தில் வாழும் நம்மவர்க்குக் காவிரியும் கபினியும் அறிமுகமானவை. 1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட ஒரு மகசீர் மீன் 120 பவுண்டு எடை இருந்தது. பாறையும் சுழலும் நிறைந்த அவ்வாறுகளில் அத்தகைய மீன் ஓடத் தொடங்கினால், நூல் பாறை விளிம்பில் உராய்வது உறுதி. இழுவையைத் தாங்கும் வலிமை வேறு. உராய்வைத் தாங்கும் வலிமை வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாதார் எந்நூலைக் கொண்டும் ஏமாறுவர். அப்பெருமீனின் இனமோ இன்று மிக அருகி, அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் 2018 முதல் இடம்பெற்றிருக்கின்றது.

இனி மாற்றத்தின் காலத்திற்கு வருவோம். 1935 பிப்ரவரியில் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் வேதியியலறிஞரின் ஆய்வுக்கூடத்தில் நைலான் பிறந்தது. தாம் கண்ட பொருள் கடைக்கு வருமுன்னரே 1937இல் அவர் மறைந்தார். இரண்டாம் உலகப்போர் நிகழ்ந்த ஆண்டுகளில் நைலான் வான்குடைகளுக்கும் இழுவைக் கயிறுகளுக்கும் சென்றது. போர் ஓய்ந்த பின்னரே மீனவர் கைக்குப் பரவலாக வந்தது. கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில், 1952இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி, இந்திய-நார்வேத் திட்டம் 1953இல் தொடங்கிற்று. பொறிப்படகுகளோடு நைலான் வலைகளும் அத்திட்டத்தின் வழியே கரைக்கு வந்தன. 1957இல் கொச்சியில் நடுவண் மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் நிறுவப்பெற்று, எந்த இழை எந்தக் கருவிக்கு ஏற்றது என்னும் ஆராய்ச்சி முறையாக நடைபெறலாயிற்று.

நைலான் மக்காது. துவரேற்ற வேண்டுவதில்லை, நாள்தோறும் உலர்த்த வேண்டுவதில்லை. உடல் நோக உழைத்த குடும்பங்களுக்கு இஃது எத்துணைப் பெரிய விடுதலை என்பதை நாம் எளிதில் மதிப்பிட இயலாது. ஒற்றை இழையாக வந்த நைலானைத் ‘தங்கூசி’ என்று கடற்கரை மக்கள் தம் சொல்லால் வழங்கினர். ஆயினும் நைலானுக்கும் குறைகள் உண்டு. நீரை ஓரளவு உறிஞ்சி வலிமை சிறிது குன்றும். வெயிலில் நெடுநாள் கிடந்தால் நலியும். இழுத்தால் நன்றாக நீளும். அந்நீட்சி சில இடங்களில் நன்மை, சில இடங்களில் தீமை.

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். குறைவாக நீளுவதும் நீரில் எளிதில் அமிழ்வதுமாகிய அவ்விழையைப் பின்னிய நூல்கள், படகின் பின்னே இரையை இழுத்துச் செல்லும் பெருமீன் தூண்டிலுக்கு உகந்தவையாயின. பின்னர் 1979 அளவில் ஹாலந்து நாட்டு ஆய்வாளர் பாலி எத்திலீனைக் கூழாக்கி இழையிழுக்கும் முறையைக் கண்டனர். எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிய இழை இது; நீரை உறிஞ்சாது; நீரிலும் சற்றே இலேசானதாகலின் மிதக்கும்; நீட்சியோ மிகச் சிறிது. 1990களில் இதனைப் பின்னிய நூல் கடைகளுக்கு வந்தது. இன்று பின்னல் நூல் என்றாலே இதனைத்தான் பெரும்பாலும் குறிக்கின்றோம்.

புதியது வலியது என்பதனால் எங்கும் அதுவே சிறந்தது என்று கருதுதல் பிழை. இடம், ஆழம், மீன் ஆகிய மூன்றையும் கேட்ட பின்னரே நூலைத் தேர்தல் வேண்டும்.

மணற்கரையில் நின்று தொலைவில் எறிவோர்க்கு எட்டுப்புரிப் பின்னல் ஏற்றது. அது உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் வளையங்களினூடே தடையின்றி ஓடும். நுனியில் மட்டும் சில முழம் தடித்த நைலானை இணைத்தால், எறியும் அதிர்ச்சியையும் மணலின் அரிப்பையும் அது ஏற்றுக்கொள்ளும். பாறைக்கரையில் நான்குபுரிப் பின்னல் மேலானது. புரிகள் தடித்திருப்பதால் உராய்வைச் சற்று அதிகம் தாங்கும். எனினும் விறைத்து நிற்கும் எந்தப் பின்னல் நூலும் பாறை முனையில் பட்டால் சட்டென்று அறும். அங்கே தடித்த நைலானே நம்பத்தக்கது.

ஐம்பது பாகம் ஆழத்தில் தூண்டில் இறக்குவோர்க்குப் பின்னல் நூலின் நன்மை பெரிது. மெல்லியதாகலின் நீரோட்டம் அதனை அதிகம் இழுக்காது. குறைந்த ஈயமே போதும். மீன் இரையைத் தொட்ட செய்தியை நைலான் தன் நீட்சியிலேயே விழுங்கிவிடும். பின்னலோ அதனை அப்படியே விரலுக்குக் கொண்டுவரும். சென்னையில் வஞ்சிரம் என்றும், கொச்சியில் நெய்மீன் என்றும், மும்பையில் சுர்மய் என்றும் பெயர் பெறும் மீனை ஓடும் படகிலிருந்து பிடிப்பவர்க்கோ நிலைமை மாறும். அது பாய்ந்து கவ்வும் வேகத்தில் நீளாத நூல் முள்ளைப் பிய்த்துவிடும். அங்கே சிறிது நீளும் நூலே துணை. அதன் கூரிய பற்களுக்கு எதிராக நுனியில் கம்பியும் வேண்டும்.

கையால் இழுப்போர் மெல்லிய பின்னல் நூலைக் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. பெருமீன் இழுத்தால் அது கத்தியாகிச் சதையை அறுக்கும். முடிச்சிடுங்கால் வழுக்கும் தன்மையை எண்ணிச் சுற்றுகளை மிகுதியாக்கி, நனைத்து இறுக்குதல் நலம். உருளையில் சுற்றும்போது அடியில் சில சுற்று நைலான் இடாவிடில் நூல் முழுவதும் வழுக்கிச் சுழலும். பழைய நைலானின் தடிப்புக்கு ஒத்த பின்னலை வாங்குவதும் பலர் செய்யும் தவறு. தடிப்பை நோக்காது தாங்கும் எடையை நோக்கியே வாங்க வேண்டும்.

இவையனைத்தினும் முதன்மையானதொன்றைக் கூறி முடிக்க விழைகின்றோம். மக்கும் நூல் மீனவனை வருத்தியது. மக்காத நூல் கடலை வருத்துகின்றது. அறுந்து மூழ்கிய பருத்தி நூல் சில திங்களில் மண்ணோடு மண்ணாயிற்று. இன்று அறுந்து கிடக்கும் நூலோ பவளத்தில் சுற்றி, ஆமையின் துடுப்பிலும் பறவையின் காலிலும் சிக்கி, இழுப்பார் எவருமின்றியே உயிர்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. ஆகவே நூலைத் தேர்வதென்பது அது எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது மட்டும் அன்று. அறவேண்டி வந்தால் எவ்விடத்தில் அறும் என்று பார்ப்பதுமாம். முள்ளருகே உள்ள சிறு துண்டை முதன்மை நூலினும் மெலிந்ததாக வைத்தால், பாறையில் சிக்கிய வேளையில் ஒரு முழமே இழப்பு; நூறு பாகம் கடலில் கிடவாது. பழைய நூலைக் கடலில் எறியாது கரைக்குக் கொணர்தலும் அவ்வறிவின் பகுதியே.

அன்று நம் முன்னோர் மாலைதோறும் நூலை அலசி உலர்த்தியது அது மக்கிவிடும் என்ற அச்சத்தால். இன்று அந்த அச்சம் நீங்கிற்று; ஆனால் அக்கவனம் நீங்கலாகாது. தோப்பும்படியிலும் விசாகப்பட்டினத்திலும் மும்பைத் துறைகளிலும் நூல் சுற்றும் நம்மவர் கைகளில் அக்கவனம் நிலைத்திருக்குமாயின், வலிய நூலும் வளமான கடலும் ஒருங்கே நம் பிள்ளைகளுக்கு எஞ்சும்.