இரண்டு டாலர் கிடைக்காத வகுப்பு

டேல் கார்னகியைத் தமிழ் வாசகர்கள் ஒரு புத்தகத்தின் வழியாகத்தான் அறிவார்கள். நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி, பிறரை நம் பக்கம் இழுப்பது எப்படி என்று சொல்லித்தந்த அந்தப் புத்தகம் வந்தது 1936-இல். அதற்கு 24 வருடம் முன்பே, 1912-இல், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 125-ஆவது தெருவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் அவர் ஒரு மாலை வகுப்பைத் தொடங்கிவிட்டார். ஆளுமைப் பயிற்சி என்று இன்று உலகம் முழுக்க நடக்கும் தொழிலின் வேர்களில் முக்கியமான ஒன்று அந்த வகுப்பு. அது எப்படிப் பிறந்தது என்று படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிவது கார்னகியின் பேச்சுத்திறன் அல்ல. சம்பளப் பேச்சுவார்த்தையில் அவர் தோற்றதுதான். அந்தத் தோல்வியே வகுப்புக்கு உருவம் கொடுத்தது.

1888-இல் மிசூரி மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆற்று வெள்ளம் விளைச்சலைக் கொண்டுபோவதும் கடன் ஏறுவதும் வீட்டில் வாடிக்கை. வாரன்ஸ்பர்க் ஆசிரியர் கல்லூரியில் படித்தபோது ஊருக்குள் அறை எடுத்துத் தங்க வசதியில்லை. தினமும் பண்ணையிலிருந்து குதிரையில் போய் வந்தார். கோட்டு உடம்பைப் பிடிக்கும், கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கும். கூச்சத்தில் ஒடுங்கிப்போன பையன், கல்லூரியில் யாருக்கெல்லாம் மரியாதை கிடைக்கிறது என்று கவனித்தான். கால்பந்து வீரர்களுக்கும், பேச்சுப்போட்டியில் ஜெயிப்பவர்களுக்கும். விளையாட்டு வராது, பேச்சு மிச்சம். குதிரைமேல் போகும்போது பேசிப் பழகினான். மாடு கறக்கும்போது பேசினான். வைக்கோல் கட்டின்மேல் ஏறி நின்று புறாக்களிடம் பேசினான். போட்டிக்குப் போட்டி தோல்வி. பிறகு திடீரென்று எல்லாவற்றிலும் வெற்றி. உடனே மற்ற மாணவர்கள் வந்து எங்களுக்கும் கற்றுக்கொடு என்றார்கள், அவர்களும் ஜெயித்தார்கள். பயிற்சியாளர் என்ற பட்டமோ கட்டணமோ இல்லாமல் அவருக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர்கள் இவர்கள்தான். தன் வித்தை இன்னொருவரிடமும் வேலை செய்கிறது என்று அங்கேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது ஒரு பிழைப்பு ஆகும் என்று நினைக்க இன்னும் சில வருடங்கள் ஆயின.

இடையில் விற்பனை. முதலில் அஞ்சல்வழிக் கல்விப் படிப்புகளை நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் இருந்த பண்ணைக்காரர்களிடம் விற்கப் போனார். ஒருநாள் நடுப்பகலில் ஓட்டல் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் விழுந்து அழும் அளவுக்கு அது கைகொடுக்கவில்லை. அடுத்து ஆர்மர் நிறுவனத்துக்காகப் பன்றி இறைச்சி, சோப்பு, கொழுப்பு விற்றார். கடைக்காரரிடம் ரொக்கம் இல்லையென்றால், அலமாரியிலிருந்து ஒரு டஜன் ஜோடி செருப்பை எடுத்துக்கொண்டு போய் ரயில்வே தொழிலாளர்களிடம் விற்று, அந்தப் பணத்தை நிறுவனத்துக்கு அனுப்புவார். தெற்கு ஒமாஹாவிலிருந்து கிளம்பிய 29 விற்பனைத் தடங்களில் 25-ஆவது இடத்தில் கிடந்த தடத்தை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். பதவி உயர்வு தர வந்தார்கள். வேண்டாம் என்று விலகி நியூயார்க் போய் நாடகக் கலை படித்தார். 'பாலி ஆஃப் த சர்க்கஸ்' என்ற நாடகத்தில் ஒரு மருத்துவர் வேடம் போட்டு ஊர் ஊராகச் சுற்றினார். நடிப்பு தனக்கானது அல்ல என்று அதுவே அவருக்குக் காட்டிக் கொடுத்தது.

கடைசியில் பேக்கார்டு லாரி விற்பவராக மேற்கு 56-ஆவது தெருவில் ஒரு மலிவான அறையில் குடியிருந்தார். சுவரில் தொங்கும் கழுத்துப்பட்டைகளில் ஒன்றை எடுக்கக் கையை நீட்டினால் கரப்பான்பூச்சிகள் நாலாபக்கமும் சிதறும். லாரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை. தினமும் தலைவலியோடு அறைக்குத் திரும்பிய அந்த நாட்களில்தான், இதுவரை படித்ததில் எது உண்மையில் உதவியது என்று கணக்குப் பார்த்தார். கல்லூரிப் பாடங்கள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும், மேடைப் பேச்சுப் பயிற்சி தந்த தைரியத்துக்கு ஈடாகவில்லை. கூச்சத்தை அதுதான் போக்கியது. மனிதர்களை நேருக்கு நேர் பார்த்துப் பேச அதுதான் கற்றுக்கொடுத்தது. இரவு வகுப்பில் பேச்சு கற்பித்துப் பிழைக்கலாம், பகலில் எழுதலாம் என்று முடிவு செய்தார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்தார். இரண்டும் வேண்டாம் என்றன. பிறகுதான் ஒய்.எம்.சி.ஏ. கதவைத் தட்டினார். 1844-இல் லண்டனில் துணிக்கடைச் சிப்பந்திகளுக்காகத் தொடங்கிய அந்த இயக்கத்தைச் சென்னைவாசிகள் நன்றாக அறிவார்கள். வேலை முடிந்து வரும் இளைஞனுக்குப் படுக்கவும் படிக்கவும் இடம் தருவது அதன் வழக்கம். கார்னகி கேட்டது ஓர் இரவுக்கு 2 டாலர். நிர்வாகம் மறுத்தது. பேச்சு வகுப்பை முன்பும் நடத்திப் பார்த்தோம், ஓடவில்லை என்பது அவர்கள் பக்க நியாயம். வேண்டுமானால் நடத்துங்கள், லாபம் வந்தால் அதில் பங்கு தருகிறோம் என்றார்கள். லாபம் வராவிட்டால் ஒன்றும் இல்லை. அவர் ஒப்புக்கொண்டார்.

முதல் வகுப்பிலேயே ஒரு சிக்கல். தயாரித்து வைத்திருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, நேரமோ மிச்சமிருந்தது. சட்டென்று பின்வரிசையில் இருந்த ஒருவரை எழுப்பி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அவர் முடித்ததும் அடுத்தவர். பேசத் தெரியாது என்று பணம் கட்டி வந்தவர்கள் தங்கள் பிழைப்பைப் பற்றி, வீட்டைப் பற்றிப் பேசினார்கள். போகப்போக இன்னொன்றும் தெரிந்தது: கோபமூட்டிய விஷயத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் பயம் மறந்துபோகிறது. கையசைவு, குரல் ஏற்ற இறக்கம் என்று அன்றைய பேச்சுக்கலைப் பள்ளிகள் கற்பித்த அலங்காரங்களை அவர் மெல்ல ஒதுக்கினார். ஆசிரியர் குறைவாகப் பேசி மாணவர்கள் நிறையப் பேசும் வகுப்பு இப்படித்தான் வந்தது.

வந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மதிப்பெண்ணோ சான்றிதழோ தேவைப்பட்டவர்கள் அல்ல. விற்பனைப் பிரதிநிதிகள், கணக்கர்கள், சிறு அதிகாரிகள். அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்லும்போது மயங்கி விழக் கூடாது. கறாரான ஒரு வாடிக்கையாளரின் கதவைத் தட்டும் முன் தைரியத்துக்காகத் தெருவை மூன்று தடவை சுற்றி வரும் அவஸ்தை தீர வேண்டும். இதுதான் அவர்கள் கேட்டது. கட்டணத்தை அவர்கள் தவணையில் கட்டினார்கள். பலன் இல்லையென்றால் அடுத்த தவணை வராது. கார்னகிக்கோ மாதச் சம்பளம் கிடையாது; லாபத்தில் பங்குதான். இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரமும் வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு.

இரண்டு டாலர் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் 20 பேர் இருந்தாலும் 3 பேர் இருந்தாலும் அதே இரண்டு டாலர். பாடநூலில் உள்ளதை ஒப்பித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கமிஷன் அவரை அப்படி இருக்க விடவில்லை. ஒவ்வொருவரும் முதல் இரவே ஏதோ ஒரு சிறு வெற்றியோடு வெளியேற வேண்டும் என்ற விதி அங்கிருந்து பிறந்ததாகவே நான் நம்புகிறேன். திட்டுவதைவிடப் பாராட்டு வேலை செய்யும் என்று பின்னால் உலகம் முழுவதும் பரவிய அவருடைய வாதமும், கூச்சப்படும் மாணவன் திரும்பி வர வேண்டுமே என்ற கவலையிலிருந்துதான் முளைத்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்குள் அவர் பங்கு ஓர் இரவுக்கு 30 டாலர் ஆயிற்று. மறுக்கப்பட்ட தொகையைப் போல 15 மடங்கு.

ஒரு கிளையில் வகுப்பு ஓடுகிறது என்றதும் மற்ற ஊர்க் கிளைகளும் அழைத்தன. பிலடெல்பியா, பால்டிமோர், வில்மிங்டன் என்று போனார். ஏற்கெனவே கூட்டம் சேரும் இடத்தில் போய்த் தன்னைச் சேர்த்துக்கொள்வதுதான் அவர் கண்ட வழி. தனியாக அறை பிடித்துப் பலகை மாட்டியிருந்தால் அவரை யார் தேடி வந்திருப்பார்கள்? பொருத்தமான பாடநூல் இல்லாததால் தானே எழுதினார். மனித உறவுகளுக்கென்று எழுதிய விதிகள் முதலில் ஓர் அஞ்சலட்டை அளவுக்கு மேல் போகாத அட்டையில் அச்சாயின. அடுத்த பருவத்தில் கொஞ்சம் பெரிய அட்டை. அப்புறம் துண்டறிக்கை, அதன்பின் சிறுசிறு பிரசுரங்கள். வகுப்பில் சொன்னதை மாணவர்கள் வீட்டிலும் கடையிலும் செய்து பார்த்து வந்து சொல்வார்கள். அது அடுத்த பிரசுரத்தில் ஏறும். 15 வருடம் இப்படியே வளர்ந்தது.

1935 ஜனவரியில், பொருளாதார மந்தத்தின் நடுவே, நியூயார்க் பென்சில்வேனியா ஓட்டலின் பெரிய கூடத்தில் 2,500 பேர் கூடினார்கள். இரண்டு நாள் முன்பு 'நியூயார்க் சன்' மாலைப் பத்திரிகையில் வந்த முழுப்பக்க விளம்பரம் அவர்களை இழுத்து வந்தது. பயிற்சி முடித்த 15 பேர் ஒலிபெருக்கி முன் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு 75 வினாடி. நேரம் முடிந்தால் சுத்தியல் தட்டப்படும். முதலில் பேசியவர் அயர்லாந்தில் பிறந்து நாலு வருடமே பள்ளிக்குப் போனவர். லாரி விற்கப் போனபோது ஓர் அலுவலகக் கதவைத் திறக்கும் முன் அரை டஜன் தடவை முன்னும் பின்னும் நடந்தவர். இன்று 2,500 பேர் முன் நின்று சிரிக்கச் சிரிக்கப் பேசினார். முழுப்பக்க விளம்பரங்களை நான் சுலபத்தில் நம்புகிறவன் அல்ல. ஆனாலும் இந்தக் கூட்டத்தின் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பயம் போகும் என்பதுதான் சரக்கு என்றால், பயம் போனவர்களையே மேடையேற்றிக் காட்டுவதைவிட வேறு எப்படி விற்பது?

சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகத்தின் லியோன் ஷிம்கின் 1934-இல் லார்ச்மான்ட் நகரில் கார்னகியின் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். இதைப் புத்தகமாக்கலாம் என்று வற்புறுத்தியவர் அவர். முதல் பதிப்பு 5,000 பிரதிகள்தான். மற்றது எல்லாருக்கும் தெரிந்த கதை.

நமக்குத் தெரிந்த 'பயிற்சியாளர்' தொழிலுக்கு இன்னொரு கிளையும் உண்டு. அதுவும் வாடிக்கையாளர்கள் வழியாகவே முளைத்தது. 1980-களில் தாமஸ் லெனார்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் நிதி ஆலோசகராக இருந்தார். பணக்கணக்குக்கு வந்தவர்கள் வேலையை விடலாமா, வாழ்க்கையை எப்படி மாற்றி அமைப்பது என்றெல்லாம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கேட்டதற்குப் பதில் சொல்வதையே தொழிலாக்கிக்கொண்டார். 1992-இல் பயிற்சியாளர்களுக்கு என்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார்; 1995-இல் சர்வதேசப் பயிற்சியாளர் கூட்டமைப்பு உருவாக முன்நின்றார். இன்று இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களில் பலர் முதலில் சான்றிதழ் வாங்கிவிட்டு, அதன்பின் வாடிக்கையாளரைத் தேடுகிறார்கள். கார்னகிக்கும் லெனார்டுக்கும் ஆட்கள் முதலில் வந்தார்கள், முறை பின்னால் வந்தது. சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே தன்னிடம் ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாலு பேர் யார் என்று பார்க்காமல் படிப்புக்குப் பணம் கட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

கார்னகி வகுப்புக்கே திரும்பினால், கையிலிருந்து போகும் பணம் மாணவர் பக்கத்திலும் வேலை செய்ததற்கு முதலீட்டாளர் வாரன் பஃபெட் சாட்சி. கொலம்பியாவில் படிக்கும்போது, நாலு பேர் முன் பேசவே முடியாத அவர், 100 டாலருக்குக் காசோலை எழுதிக் கார்னகி வகுப்பில் சேர்ந்தார். அறைக்குத் திரும்பியதும் பயம் பிடித்துக்கொண்டது, காசோலையை நிறுத்திவிட்டார். படிப்பு முடிந்து ஒமாஹாவுக்குத் திரும்பிய பின் மறுபடி விளம்பரம் கண்ணில் பட்டது. இந்தத் தடவை 100 டாலரை ரொக்கமாகவே கொடுத்துவிட்டார், பின்வாங்க முடியாதபடி. அந்த வகுப்பு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே தான் மணக்க விரும்பிய பெண்ணிடம் சம்மதம் கேட்டார். பிறகு, கற்றது மறந்துபோகக் கூடாது என்று ஒமாஹா பல்கலைக்கழகத்தில் முதலீடு பற்றி இரவு வகுப்பு எடுக்கப் போனார். அப்போது அவருக்கு 21 வயது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சராசரியாக அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.