மலை வழிவிட்டது, எல்லை வழிவிட்டதா?

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் நிறைவடைகின்றன. அதே டேங்க் ரோட்டில்தான் ஒரு காலத்தில் சிங்கப்பூரின் ரயில் நிலையம் இருந்தது. இன்றைய இளையர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1903ஆம் ஆண்டு அங்கிருந்து உட்லண்ட்ஸ் வரை ரயில் ஓடத் தொடங்கியது.

அதற்கு முன்பே மலாயாவில் ரயில் வந்துவிட்டது. 1885இல் பேராக் மாநிலத்தின் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு முதல் பாதை போடப்பட்டது. 1909இல் தண்டவாளம் ஜோகூர் பாருவை எட்டியது. 1923இல் கடற்பாலத்தின் வழியே சிங்கப்பூருடன் இணைந்தது. பாதை போட்டவர்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் ஏராளம். ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் இருந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர்.

அவர்களுக்குப் பெரிய சவால் எது? மலைதான். தைப்பிங்குக்கும் கோலகங்சாருக்கும் இடையே புக்கிட் பெராப்பிட் குன்றுகள் குறுக்கே நின்றன. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே பாதை மலையைச் சுற்றி வளைந்து, சிறு சிறு சுரங்கங்களுக்குள் நுழைந்து சென்றது.

வளைந்து போகும் ரயில் வேகமாகப் போக முடியாது. வளைவில் வேகம் கூடினால் ரயில் வெளிப்புறம் தள்ளப்படும். வேகம் வேண்டுமானால் பாதை நேராக வேண்டும். பாதை நேராக வேண்டுமானால் மலையைக் குடைய வேண்டும். ஈப்போ - பாடாங் பெசார் மின்ரயில் பாதைக்காக அதே பெராப்பிட்டில் 3 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள சுரங்கம் குடையப்பட்டது. இன்று அந்தத் தடத்தில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் ஓடுகிறது. கிழக்குக் கரை ரயில் திட்டத்திலோ, தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்க 16 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம்!

மலை வழிவிட்டுவிட்டது. எல்லை?

கோலாலம்பூருக்கும் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் இடையே சுமார் 350 கிலோமீட்டர். அதை 90 நிமிடங்களில் கடக்கும் அதிவேக ரயிலுக்கு 2016 டிசம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பெரும்பாலும் மேற்குக் கரைச் சமவெளியில் செல்லும் பாதை அது. குறுக்கே தித்திவங்சா இல்லை. நிலையத்துக்காக ஜூரோங் கண்ட்ரி கிளப் நிலமும் கையகப்படுத்தப்பட்டது. ஆனால் 2018இல் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மலேசியா கேட்ட மாற்றங்களில் உடன்பாடு ஏற்படாமல் 2020 டிசம்பர் 31இல் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. சிங்கப்பூருக்கு மலேசியா கொடுத்த இழப்பீடு 102.8 மில்லியன் வெள்ளிக்கும் அதிகம்.

இது புதிதல்ல. தஞ்சோங் பகார் ரயில் நிலம் பற்றி 1990இல் கையெழுத்தான உடன்பாடு தீர்வு காண 20 ஆண்டுகள் ஆயின. 2011 ஜூன் 30இல்தான் அந்த நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது.

இந்தத் தாமதங்களின் சுமை யார் தலையில் விழுகிறது? ஜோகூரில் வீடும் சிங்கப்பூரில் வேலையுமாக வாழ்பவர்கள் தலையில். பேராக்கில் பெற்றோரை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் தலையில்.

ஆனால், அதே 2020ஆம் ஆண்டு ஜூலையில் உட்லண்ட்ஸ் - ஜோகூர் பாரு ரயில் இணைப்புக்கு இரு நாடுகளும் மீண்டும் கைகுலுக்கின. நீளம் வெறும் 4 கிலோமீட்டர். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை செல்லலாம். 350 கிலோமீட்டருக்குக் கூடாத மனம் 4 கிலோமீட்டருக்குக் கூடியது.

பாறையைக் குடைய இயந்திரம் இருக்கிறது. மனத்தடையைக் குடையப் பொறுமைதான் வேண்டும். அன்று மலாயாவில் தண்டவாளம் சுமந்த தோள்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கும்.