மஞ்சா: புத்தளத்து ஆபிரிக்கரின் இசை

மஞ்சா என்பது இலங்கையின் வடமேல் கரையோரத்தில், புத்தளம் நகரை அடுத்த சிராம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் இசை. பாட்டு, தாளம், ஆட்டம் மூன்றும் அதில் சேர்ந்தே வரும். பாடல்கள் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் உள்ளன. பாடுகிறவர்கள் இன்று வீட்டில் பேசுவது பெரும்பாலும் சிங்களம்.

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரும், பின்னர் ஒல்லாந்தரும், ஆபிரிக்காவிலிருந்து ஆட்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்தார்கள். பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களைக் கொண்டு தனிப் படைப்பிரிவே அமைத்தார்கள். படை வாழ்க்கை முடிந்தபின் புத்தளத்தில் இருந்த குடும்பங்கள் அங்கேயே தங்கி, உப்பளங்களிலும் வீதி வேலைகளிலும் பிழைத்தன. அரசாங்கப் பதிவுகளில் இவர்கள் காப்பிரிகள். கத்தோலிக்க சமயமும் கிரியோல் மொழியும்தான் பல தலைமுறைகளுக்கு இவர்களைப் பிணைத்திருந்தன. சிங்களவரோடும் தமிழரோடும் மண உறவுகள் பெருகியபின் அந்த இடத்தை மஞ்சா எடுத்துக்கொண்டது.

மஞ்சாவில் முதலில் எழுவது குரல். பெரும்பாலும் மூத்த பெண் ஒருவர் அடியை நிதானமாக எடுத்துக்கொடுப்பார். கூடியிருப்பவர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். பாட்டு நீளமில்லை. சில அடிகள்தான், திரும்பத் திரும்ப வரும். வெறும் கண்ணாடிப் போத்தலைக் கரண்டியால் தட்டுவார் ஒருவர். இரண்டு சிரட்டைகளை ஒன்றோடொன்று அடிப்பார் இன்னொருவர். றபான் மேளமும் சேரும், இருந்தால் மன்டலினும். வரிகள் மாறுவதில்லை, விறுவிறுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் நடந்த தாளம் முடிவில் ஓடும். அந்த ஏற்றத்தில் பெண்கள் எழுந்து, கைகளை விரித்து, இடுப்பை அசைத்து ஆடுவார்கள். மெட்டின் நயத்தைவிட இந்தக் கதி ஏற்றமே மஞ்சாவின் உயிர். மேடைக்காகப் பாட்டைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவதும் இதுதான்.

ஒரு ராக் அல்லது ஹெவி மெட்டல் குழுவின் நடை மாறிய விதத்தை அதன் இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்டே சொல்லிவிடலாம். மஞ்சாவுக்கு அப்படி ஓர் அடுக்கு இல்லை. மொழியும் பாடும் இடமும் மாறியதை வைத்தே அதன் வரலாற்றைப் படிக்க வேண்டும்.

மொழியில்தான் மாற்றம் ஆழமானது. கிரியோலைப் பேச்சுமொழியாகக் கொண்டிருந்த முதியவர்கள் மறைய, பாட்டு மட்டும் மனப்பாடமாக நின்றது. இளையவர்கள் பலர் முழுப் பொருள் அறியாமலே பாடுகிறார்கள். பேச்சில் போய்விட்ட சொற்கள் பாட்டில் பிழைத்திருக்கின்றன. லண்டனில் பணியாற்றிய ஆய்வாளர் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய இப்பாடல்களைத் திரட்டி மொழியியல் நோக்கில் ஆராய்ந்திருப்பது பெரிய சேவை.

இதே போர்த்துக்கேய, ஆபிரிக்கக் கலப்பின் மற்றொரு கிளை கஃப்ரிஞ்ஞா. மட்டக்களப்புப் பறங்கியர் திருமண வீடுகளில் வயலினோடு இசைப்பது அது. அதன் ஆறு-எட்டுத் தாளம் நம் திஸ்ர நடைக்கு நெருக்கமானது. பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்டியன் இந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களைப் பொருத்திப் பாடினார். அப்படி எழுந்த துள்ளல் இசையான நவீன பைலாவின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். பின்னர் எம். எஸ். பெர்னாண்டோ அதை நாடெங்கும் பரப்பினார். சுனில் பெரேராவின் ஜிப்சீஸ் குழு மின்கிற்றாரும் டிரம்ஸும் சேர்த்து அதைப் பெரிய மேடைகளுக்கு ஏற்றியது. தமிழிலும் அதன் வீச்சு விழுந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. இ. மனோகரன் ஆகியோரின் துள்ளிசைப் பாடல்கள் பைலாத் தாளத்தில் எழுந்தவை. மனோகரன் பிரபலமாக்கிய ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையில் ஒலித்தது.

பைலாவின் பழைய, பக்குவப்படாத வடிவமே மஞ்சா என்று எண்ணுவது தவறு. பைலா தனிப்பாடகரையும் புதிய சொற்களையும் மின்வாத்தியங்களையும் தேடிப் போனது. மஞ்சா கூட்டுக் குரலையும் பழைய சொற்களையும் கைக்குக் கிடைத்த பொருள்களையும் விடவில்லை. மாறியது பாடும் இடம்: வீட்டு முற்றத்திலும் குடும்ப விழாக்களிலும் இருந்த பாட்டு, சிராம்பியடிக் குழுவினரோடு கொழும்பு மேடைகளுக்கும் வந்துவிட்டது. மேடை அவர்களுக்கு வருமானமும் மதிப்பும் தந்தது. அது நியாயமான வரவு.

பதிவுகள் சில உண்டு, அவை போதா. கிரியோல் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு பாட்டையும் முழு நீளத்தில், பொருளோடு பதிவுசெய்வது இலங்கைப் பல்கலைக்கழகங்களும் வானொலியும் உடனே கையிலெடுக்க வேண்டிய வேலை.